சனிக்கிழமைக் காய்ச்சல்: மொராதாபாத் என்னும் பித்தளை நகரம்

இங்கே டொராண்டோவில் சனிக்கிழமை காலை பத்து மணி. ஊரில் இரவு ஏழரை ஆகியிருக்கும். சாப்பாட்டு நேரத்தில் நேரலைக்கு வந்திருக்கிறீர்கள், நன்றி. ஒரு நகரத்தைப் பற்றிப் பேசுங்கள் என்று அமைப்பாளர்கள் கேட்டபோது நான் நாகர்கோவிலைத்தான் எடுத்துக்கொள்வேன் என்று நினைத்திருப்பார்கள். பிறந்த ஊரைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் இரண்டு வருடம் மட்டும் இருந்த, தமிழர்கள் அவ்வளவாகப் போகாத ஓர் ஊரைப் பற்றிப் பேசுகிறேன். உத்தரப் பிரதேசத்தில், தில்லிக்குக் கிழக்கே ரயிலில் மூன்று நான்கு மணி நேரத்தில் வரும் மொராதாபாத். வடக்கே அதை ‘பீத்தல் நகரி’ என்பார்கள். பித்தளை நகரம்.

இந்த ஊர் திரும்ப நினைவுக்கு வந்தது ஸ்கார்பரோவில். நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் தொண்ணூறு வயது தாண்டிய ஒரு கனடியப் பாட்டி இருந்தார். அவருடைய ஜன்னல் விளிம்பில் ஒரு ஜாடி. ஒரு சாண் உயரம், மேலெல்லாம் கொடியும் பூவும், பூக்களுக்கு இடையே கறுப்பு. அவருடைய அம்மாவின் திருமணப் பரிசாம். ஒரு நாள் தூசி துடைக்க எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் ‘இந்தியா’ என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல் பொறித்திருந்தது. செய்தவர் பெயர் இல்லை, ஊர் பெயரும் இல்லை. ஆனால் அந்தக் கறுப்பைப் பார்த்ததும் ஊர் எதுவென்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்த ஒற்றைச் சொல் அங்கே வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1890இல் அமெரிக்கா மெக்கின்லி சுங்கச் சட்டத்தைக் கொண்டுவந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் பொருளில் எந்த நாட்டில் செய்தது என்று ஆங்கிலத்தில் குறிக்க வேண்டும் என்பது அதில் ஒரு விதி. நாட்டின் பெயர் போதும். வாஷிங்டனில் போட்ட ஒரு விதிக்காக, ராம்கங்கைக் கரையில் ஆங்கிலம் படிக்கத் தெரியாத ஒருவர் ஐந்து ஆங்கில எழுத்துகளைச் செதுக்கக் கற்றுக்கொண்டார். மொராதாபாத்தின் வரலாற்றை இந்த ஜாடியின் அடியிலிருந்தே தொடங்கலாம். ஆனால் ஊர் அதற்கு முந்நூறு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக மூத்தது.

ராம்கங்கைக் கரையில் சௌபாலா என்ற பழைய குடியிருப்பு இருந்தது. ஷாஜகான் காலத்தில் சம்பல் பகுதியின் ஆளுநராக இருந்த ருஸ்தம் கான் அங்கே கோட்டையும் பள்ளிவாசலும் கட்டினார். ஊருக்குத் தன் பெயரையே வைத்து ருஸ்தம்நகர் என்றார். பேரரசருக்கு அது பிடிக்கவில்லை. கூப்பிட்டு விசாரித்தபோது ருஸ்தம் கான் சட்டென்று, ‘இளவரசர் முராத் பக்ஷின் பெயரில் முராதாபாத் என்றல்லவா வைத்திருக்கிறேன்’ என்று சொல்லித் தப்பித்தார் என்பது ஊர்க்கதை. கதையை விடுங்கள், அதற்குப் பிறகு நடந்தது வரலாறு. 1658இல் ஷாஜகானின் பிள்ளைகள் அரியணைக்காக மோதிக்கொண்ட சாமூகர் போரில், ருஸ்தம் கான் தாரா ஷுகோவின் படையில் நின்று செத்தார். எதிர்ப்படையில் ஔரங்கசீப்புக்குத் துணையாக நின்றவர் முராத். மூன்றே வருடத்தில், 1661இல், அதே ஔரங்கசீப்பின் காலத்தில் குவாலியர் கோட்டையில் முராத்தின் தலையும் போனது. ஊரைக் கட்டியவரும் ஊருக்குப் பெயர் கொடுத்தவரும் ஒரே போர்க்களத்தில் எதிரெதிரே நின்றவர்கள். ருஸ்தம் கானின் ஜாமா மசூதி ஆற்றங்கரையில் இப்போதும் இருக்கிறது. எங்கள் மருத்துவமனை மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் அதன் கும்மட்டங்கள் தெரியும்.

பிறகு ரோகில்லாக்கள் வந்தார்கள், அயோத்தி நவாப் வந்தார், 1801இல் கிழக்கிந்தியக் கம்பெனி வந்தது. இதை வேகமாகக் கடந்துவிடுகிறேன்.

பித்தளை ஏன் இங்கே? இது எனக்கு நீண்டநாள் சந்தேகம். ராம்கங்கைச் சமவெளி முழுக்க வண்டல். தோண்டினால் செம்பும் வராது, துத்தநாகமும் வராது. துத்தநாகத்தை ஆவியாக்கிக் குளிரவைத்துப் பிடிக்கும் வித்தை இந்தியாவில் ராஜஸ்தானத்து ஜாவரில், உதயப்பூருக்குப் பக்கத்தில், ஐரோப்பாவுக்கு நூற்றாண்டுகள் முன்பே பெரிய அளவில் நடந்திருக்கிறது. இங்கிலாந்தில் வில்லியம் சாம்பியன் அதற்குக் காப்புரிமை வாங்கியது 1738இல்தான். ஆனால் ஜாவர் எங்கே, மொராதாபாத் எங்கே! இந்த ஊர் நம்பியிருந்தது சுரங்கத்தை அல்ல, பழைய பாத்திரத்தை. உடைந்த குடம், தேய்ந்த தாம்பாளம், இன்று கப்பலில் வந்து இறங்கும் தண்ணீர்க் குழாய், திருகு, பூட்டு. உலகம் தூக்கிப் போட்டதை உருக்கிப் புதிதாக விற்பதுதான் இங்கே தொழில். கைவினை என்று கேட்டதும் நாம் மனதில் வரைந்துகொள்ளும் மரத்தடிக் கிழவரை முதலில் அழித்துவிடுங்கள். பழைய உலோக வியாபாரியிலிருந்து தொடங்குங்கள்.

அந்தக் கறுப்பு ஜாடிக்கு வருகிறேன். செய்முறை இப்படி. பித்தளை ஜாடியின் மேல் வெள்ளீயம் பூசுவார்கள். நம் தெருக்களில் முன்பு ‘ஈயம் பூசறது’ என்று கூவிக்கொண்டு வருவார்களே, அதே ஈயம். அங்கே பாத்திரத்துக்கு உள்ளே, புளி குழம்பு கசக்காமல் இருக்க. இங்கே வெளியே, அழகுக்கு. வெள்ளி போல ஆகிவிட்ட மேற்பரப்பில் சிற்றுளியால் கொடியும் இலையும் செதுக்கினால் ஈயம் கிழிந்து அடியிலிருக்கும் பித்தளை மஞ்சளாக எட்டிப் பார்க்கும். இது ஒரு வகை. இன்னொன்றில், பூக்களை விட்டுவிட்டுச் சுற்றியுள்ள பின்னணியைப் பறித்து, பள்ளத்தில் கறுப்பு அரக்கைச் சூட்டோடு இழைத்து நிரப்புவார்கள். ஜார்ஜ் பேர்ட்வுட் 1880இல் எழுதிய ‘இந்தியாவின் தொழிற்கலைகள்’ நூலில் மொராதாபாத் பாத்திரங்களைப் பற்றிச் சொல்வது இவற்றைத்தான். 1870களில் ரயில் வந்தது. கண்காட்சிகள் வந்தன. குடிக்கவும் வெற்றிலை போடவும் கை கழுவவும் செய்யப்பட்ட பாத்திரங்கள், துரைமார் வீட்டு வரவேற்பறைக்குப் பூச்சாடியாகவும் தட்டாகவும் வடிவம் மாறின. பாட்டியின் அம்மாவுக்குப் போன ஜாடி அந்த வரிசையில் வந்தது.

நான் அங்கே போனது 2003இல். டிப்ளமா முடித்து, வடக்கே போனால் அனுபவச் சான்றிதழ் கிடைக்கும், அதைக் கொண்டு வெளிநாடு போகலாம் என்ற, அந்தக் காலத்தில் குமரி மாவட்டத்துப் பிள்ளைகள் எல்லோரும் போட்ட கணக்குதான். சிறிய மருத்துவமனை. இந்தி சுமாராக வரும், உருது கலந்தால் திணறுவேன். முதல் மழைக்காலத்திலேயே ஒன்றைக் கவனித்தேன். சனிக்கிழமை இரவுகளில் இளவட்ட ஆண்கள் நடுங்கிக்கொண்டு வருவார்கள். காய்ச்சல் 102, 103. உடம்பு வலி, தாகம், நெஞ்சில் இறுக்கம், வாயில் ஒரு இனிப்பும் துருவும் கலந்த ருசி. மலேரியாப் பருவம் என்பதால் டாக்டர் குளோரோகுயின் எழுதுவார், நான் கொடுப்பேன். ஞாயிறு மதியம் எழுந்து போய்விடுவார்கள். மருந்து வேலை செய்தது என்று எங்களுக்குத் திருப்தி.

பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் தொடர்ந்து மூன்று சனிக்கிழமை வந்தான். மூன்று முறையும் நானே மாத்திரை கொடுத்தேன். ரத்தப் பரிசோதனையில் மலேரியாக் கிருமி ஒருமுறையும் இல்லை. மூன்றாம் முறை அவன் அம்மா என் கையிலிருந்த மாத்திரையைப் பார்த்துவிட்டு, திட்டாமல், அலுப்போடு சொன்னார்: “பேட்டி, இது கொசுக் காய்ச்சல் இல்லை. இது பட்டறைக் காய்ச்சல். இவன் அப்பாவுக்கும் வரும். கொஞ்சம் பால் இருந்தால் கொடு.”

செம்பு உருக 1085 பாகை செல்சியஸ் வேண்டும். துத்தநாகமோ 907 பாகையிலேயே கொதித்துவிடும். பித்தளை இந்த இரண்டின் கலவை. மூசையில் பித்தளை வார்க்கும் பதத்துக்கு வரும்போது துத்தநாகம் ஆவியாகி, காற்றில் பட்டு எரிந்து, பஞ்சு போல வெள்ளைப் புகையாக எழும். அது துத்தநாக ஆக்சைடு. குழந்தைகளின் தொடைப் புண்ணுக்கு நாங்கள் தடவும் களிம்பில் இருப்பது அதே பொருள்தான். தோலுக்கு மருந்து. புகையாக நுரையீரலுக்குள் போனால் நான்கைந்து மணி நேரத்தில் குளிர்க்காய்ச்சல். ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். பிறகு தானே போய்விடும். எங்கள் குளோரோகுயினுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை.

சனிக்கிழமை ஏன் என்பது அதைவிட விசித்திரம். தினமும் புகையைச் சுவாசிப்பவனுக்கு உடம்பு பழகிவிடும், காய்ச்சல் வராது. ஒரு நாள் விடுப்பு எடுத்தால் அந்தப் பழக்கம் கலைந்துவிடும். மறுநாள் உலைக்குத் திரும்பினால் காய்ச்சல். இங்கிலாந்தில் இதற்கு ‘திங்கட்கிழமைக் காய்ச்சல்’ என்றே பெயர் உண்டு. எட்வர்ட் கிரீன்ஹவ் என்ற மருத்துவர் 1862இல் பர்மிங்ஹாம் பித்தளை வார்ப்பாளர்களைப் பார்த்து இதை எழுதிவைத்திருக்கிறார். அங்கே ஞாயிறு விடுமுறை. எங்கள் மொராதாபாத் வார்ப்பாளர்களுக்கு வெள்ளிக்கிழமை. தொழுகை, குளியல், பிள்ளைகளோடு கொஞ்ச நேரம். அந்த ஓய்வுக்குச் சனிக்கிழமை இரவு விலை கொடுக்க வேண்டும். 140 வருடத்துக்கு முன்னால் பர்மிங்ஹாமில் எழுதிவைத்த நோய் என் பாடப்புத்தகத்தில் இல்லை. அந்தப் பையனின் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

பிறகு விடுப்பு நாட்களில் நான் சந்துகளுக்குள் போகத் தொடங்கினேன். ஒரு ஜாடி ஒரே பட்டறையில் உருவாவதில்லை. பழைய உலோகத்தை உருக்கிச் ‘சில்லி’ என்னும் பாளமாக வார்ப்பவர் ஒருவர். அந்தப் பாளத்தை வாங்கி, மணல் பெட்டியில் அச்சு எடுத்து வார்ப்பவர் வேறொருவர். அவருக்கு ‘டலையா’ என்று பெயர். வார்ப்பு இரண்டு பாதியாக வரும். ஒட்டுபவர் ஒரு வீட்டில், கடைந்து சுரண்டுபவர் அடுத்த வீட்டில், செதுக்குபவர் மூன்றாவது சந்தில், மெருகேற்றுபவர் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். தள்ளுவண்டியில் ஜாடி ஊரையே சுற்றி வரும். ஒவ்வொரு வீட்டிலும் எடைக்கோ எண்ணிக்கைக்கோ கூலி. கடைசியாக ஏற்றுமதியாளர் கிடங்கில் பெட்டிக்குள் போகும். இந்த ஏற்பாட்டில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது: முழு ஜாடிக்கும் சொந்தக்காரர் கிடங்கில் இருப்பவர் ஒருவர்தான். காய்ச்சல் வந்தால் யாருடைய தொழிலாளி என்று கேட்க முடியாது.

வார்ப்பவர்களும் செதுக்குபவர்களும் பெரும்பாலும் முஸ்லிம்கள். ஒரு பட்டறையில் தரையில் சம்மணமிட்டு ஒரு பெரியவர் வேலை செய்துகொண்டிருந்தார். அவருக்கு இடப்பக்கம் நந்திகள், வலப்பக்கம் சிலுவைகள், நடுவே எங்கள் ஊர்க் குத்துவிளக்கின் தண்டு. தெற்கிலிருந்து ஆர்டர் என்றார். நாச்சியார்கோவில் பத்தர்கள் காவிரி வண்டலில் அச்சு எடுத்து வார்க்கும் விளக்கைத்தான் நான் விளக்கு என்று நினைத்திருந்தேன். இந்தப் பெரியவர் ராம்கங்கை மணலில் அதை எடுத்திருந்தார், உச்சியில் இருக்கும் அன்னம் கொஞ்சம் மயில் மாதிரி வந்திருந்தது. நான் சொன்னேன். ‘படத்தில் அப்படித்தான் இருந்தது’ என்றார். யாழ்ப்பாணத்து நண்பர்கள் நேரலையில் இருக்கிறீர்கள். உங்கள் கன்னாதிட்டியின் பெயரில் கன்னார்கள் இன்னும் இருக்கிறார்கள், ஆனால் தெருவில் நகைக்கடைகள். மொராதாபாத்தில் அது நேர்மாறு, ஊர்ப்பெயரில் ஓர் இளவரசன், தெருவெல்லாம் கன்னார்.

இனி எனக்குச் சொல்லக் கொஞ்சம் கஷ்டமான பகுதி. நான் கிறிஸ்தவப் பெண், செவிலி. அந்தப் பகுதியில் என் தொழிலின் தொடக்கத்தைத் தேடிப் போனால் ஒரு பஞ்சத்தில் போய் முட்டுகிறது.

1857இல் மொராதாபாத்திலும் சிப்பாய்கள் கிளர்ந்தார்கள். மஜ்ஜூ கான் நவாபாக அறிவிக்கப்பட்டார், 1858இல் ஆங்கிலேயர் அவரைக் கொன்றார்கள். அந்த வருடமே சையத் அகமது கான் நீதித்துறை அதிகாரியாக அங்கே மாற்றலாகி வந்தார். பிற்காலத்தில் அலிகர் கல்லூரியை நிறுவிய அதே சர் சையத். கிளர்ச்சிக்குக் காரணம் என்ன என்று அரசைக் குற்றம் சாட்டும் தன் புகழ்பெற்ற சிறுநூலை அவர் எழுதியது மொராதாபாத்தில் இருந்தபோதுதான். 1860-61இல் கொடும்பஞ்சம். ஆட்சியர் ஜான் ஸ்ட்ராச்சி நிவாரணப் பொறுப்பை சையத் அகமதிடம் கொடுத்தார். பெற்றோரை இழந்த பிள்ளைகளை அந்தந்தச் சமூகத்தாரே வளர்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம். ஆனால் பிள்ளைகள் கடைசியில் மிஷனரிகளிடம் போனார்கள். அது அவரை எவ்வளவு புண்படுத்தியது என்று அவர் வாழ்க்கையை எழுதிய ஹாலி பதிவு செய்திருக்கிறார்.

இப்போது மறுபக்கம். அமெரிக்க மெதடிஸ்ட் மிஷனைத் தொடங்கிய வில்லியம் பட்லர் பக்கத்து பரேலியில் இருந்தார். பஞ்சத்துப் பெண்குழந்தைகளுக்காக ஓர் இல்லம் நடத்தினார்கள். 1870 ஜனவரியில் அங்கே வந்து இறங்கியவர் கிளாரா சுவைன். பெண்களுக்கான மருத்துவ மிஷனரியாக இந்தியா வந்த முதல் பெண் டாக்டர். அவர் வந்த சில வாரங்களிலேயே ஒரு மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். மாணவிகள் யார்? பெரும்பாலும் அந்த அனாதை இல்லத்துப் பெண்கள். வட இந்தியாவில் முறையாக மருத்துவப் பணி கற்ற முதல் பெண்களில் அவர்களும் உண்டு. மருத்துவமனைக்கு நிலம் கொடுத்தது ராம்பூர் நவாப், ஒரு முஸ்லிம் அரசர்.

நான் சிறுவயதில் ஞாயிறு பள்ளியில் கிளாரா சுவைனின் கதையைக் கேட்டிருக்கிறேன். சையத் அகமது கானின் வருத்தத்தை யாரும் சொல்லவில்லை. மொராதாபாத்தில்தான் அது காதில் விழுந்தது, அதுவும் ஒரு நோயாளியின் தாத்தாவிடமிருந்து, நான் கழுத்தில் போட்டிருந்த சிலுவையைப் பார்த்துவிட்டு. கோபமாகச் சொல்லவில்லை. அந்தப் பெண்கள் பிழைத்தார்கள், படித்தார்கள், மற்றவர்களைப் பிழைக்க வைத்தார்கள். அவர்கள் தங்கள் ஊரிலிருந்தும் உறவிலிருந்தும் எடுத்துச் செல்லவும் பட்டார்கள். பல வருடம் இதில் ஒன்றை வைத்து மற்றதைக் கழிக்கப் பார்த்தேன். கழியவில்லை.

ஊர்க்காரர்கள் பேசும்போது வயதை ஒரு சம்பவத்தை வைத்துச் சொல்வார்கள். ‘ஈத்கா நடந்தபோது எனக்கு எட்டு வயது.’ 1980 ஆகஸ்ட் 13, ஈத் பெருநாள். ஈத்கா மைதானத்தில் ஆயிரக்கணக்கானோர் தொழுதுகொண்டிருந்த இடத்துக்குள் ஒரு பன்றி நுழைந்ததிலிருந்து தகராறு, போலீஸ் துப்பாக்கிச் சூடு, பிறகு வாரக்கணக்கில் கலவரம். அரசுக் கணக்கில் இறந்தவர்கள் 83. ஊர்க்காரர்கள் யாரும் அந்த எண்ணை ஏற்பதில்லை. விசாரணை ஆணையம் 1983இல் அறிக்கை கொடுத்தது. அது சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது 2023இல். நாற்பது வருடம் ஓர் அறிக்கை பூட்டிக் கிடந்தது. போலீஸ் மீது குற்றமில்லை என்று அது சொன்னபோது, மறுப்பதற்குச் சாட்சிகளில் பலர் உயிரோடு இல்லை.

இலக்கியக் கூட்டம் என்பதால் ஒரு பெயரைச் சொல்லாமல் போகக் கூடாது. ஜிகர் மொராதாபாதி. 1890இல் இங்கே பிறந்த உருதுக் கஜல் கவிஞர். ‘ஆதிஷ்-எ-குல்’ தொகுப்புக்கு 1958இல் சாகித்திய அகாடமி விருது பெற்றார். தலைப்புக்கு ‘ரோஜாவின் நெருப்பு’ என்று பொருள். அவர் கண்ணாடி விற்றுப் பிழைத்தவர், பித்தளைக்காரர் இல்லை. ஆனால் பட்டறைகளில் வேலை செய்துகொண்டே அவருடைய கஜல்களை முணுமுணுப்பவர்களைக் கேட்டிருக்கிறேன். செதுக்குகிற தாளத்துக்கு அது பொருந்தும்.

நான் இருந்த காலத்திலேயே ஆற்றங்கரை வேறு மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. பழைய உலோகத்தைப் பிரிக்கத் தெரிந்த ஊருக்கு உலகத்தின் பழைய கணினிகள் தாமாகவே வந்து சேர்ந்தன. மின்சுற்று அட்டைகளைத் திறந்தவெளியில் எரித்து, சாம்பலை அரைத்து, ஆற்று நீரில் அலசிச் செம்பை எடுப்பார்கள். பெண்களும் செய்வார்கள். ராம்கங்கையின் கரையில் கரிய பொடி அடுக்கடுக்காகக் கிடந்தது. துத்தநாகக் காய்ச்சலாவது ஒரு நாளில் போய்விடும். ஈயமும் காட்மியமும் அப்படிப் போவதில்லை. வார்ப்புமணலும் மெருகுப்புழுதியும் நெஞ்சில் தங்கிக் காசநோய்க்குக் கதவு திறந்துவிடும் என்பது தனிக்கதை. எங்கள் வார்டில் அந்தப் படுக்கைகள் காலியாக இருந்ததில்லை.

ஊருக்குப் புகழும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 2018இல் உத்தரப் பிரதேச அரசு மாவட்டத்துக்கு ஒரு பொருள் என்று திட்டம் போட்டபோது மொராதாபாத்துக்கு உலோகக் கைவினை. 2022 ஜி-7 மாநாட்டில் ஜெர்மன் பிரதமருக்கு இந்தியா பரிசளித்தது மொராதாபாத்தில் செதுக்கிய ஒரு பானை. 2023இல் செதுக்குக் கலைஞர் தில்ஷாத் ஹுசேனுக்குப் பத்மஸ்ரீ. செதுக்குபவர் பெயர் நாட்டுக்குத் தெரிய வருவது நல்லதுதான். வார்ப்பவர் பெயர் இன்னும் வரவில்லை.

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தது. மொராதாபாத்தின் பெரிய வாடிக்கையாளர் அமெரிக்காதான், கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாதங்கள்தான் ஊருக்கு அறுவடைக்காலம். அந்தச் சமயம் பார்த்து ஆர்டர்கள் நின்றன. மெக்கின்லியைத் தன் முன்னோடியாகப் போற்றும் ஒருவர் வாஷிங்டனில் இருப்பது, ஜாடியின் அடியைப் படித்த எனக்குச் செய்தித்தாளில் வேறு மாதிரித் தெரிந்தது.

என்னோடு வேலை பார்த்த ஒரு சகோதரி இன்னும் அங்கேதான் இருக்கிறாள். போன மாதம் பேசினேன். சனிக்கிழமை ராத்திரி இன்னும் வருகிறார்களா என்று கேட்டேன். குறைந்துவிட்டது என்றாள். எனக்குச் சந்தோஷம், முகமூடி போடத் தொடங்கிவிட்டார்களா என்றேன். “இல்லடி, பித்தளை விலைக்கு யார் வாங்குவாங்க? இப்ப பாதிப் பட்டறையில அலுமினியம்தான். அலுமினியத்துக்கு அந்தக் காய்ச்சல் வராது. அதுவும் போன சீசன்ல உலையே எரியல.” அந்தப் பையனைப் பற்றிக் கேட்டேன். இப்போது நாற்பதைத் தாண்டியிருப்பான். அவன் ஈ-ரிக்‌ஷா ஓட்டுகிறான், மூச்சு வாங்குகிறது, மாதம் ஒரு முறை பம்பு மருந்து வாங்க வருகிறான் என்றாள்.

பாட்டி சென்ற குளிர்காலத்தில் இறந்துபோனார். மகள் வந்து அறையைக் காலி செய்தபோது அந்த ஜாடியை எனக்கு வேண்டுமா என்று கேட்டார். இதோ, கேமராவில் தெரிகிறதா? கொஞ்சம் திருப்பிக் காட்டுகிறேன். இந்தக் கழுத்துப் பக்கம் ஒரு கோடு ஓடுகிறது பாருங்கள், அதுதான் இரண்டு பாதியையும் ஒட்டிய இடம்.